நேர்ல போ மாமா

போனைத் தேய்த்தால் பூதம் வேண்டுமானால் வரும், வேலை வராது என்பது மாமாவின் கட்சி. “நேர்ல போய் நில்லுடா. ஆள் முகத்தைப் பார்த்துட்டா இல்லேன்னு சொல்ல யாருக்கும் மனசு வராது.” வானகரத்தில் வேலை தேடும் பையன் இருக்கும் வீடுகளுக்கு இந்த வசனம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் பையோடு வந்து சேரும். மார்க்கெட்டில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிய சூடு ஆறுவதற்குள் நம் வீட்டுப் பையனின் எதிர்காலத்தைக் கையில் எடுத்துவிடுவார். எல்லோருக்கும் அவர் மாமா. யார் வழியில் மாமா என்று இதுவரை யாரும் விசாரித்ததில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். எண்பதுகளில் ஒரு கம்பெனி கேட்டில் போய் நின்றார், ஃபோர்மேன் பார்த்தார், உள்ளே கூப்பிட்டார். பொய்யில்லை, அன்றைக்கு அப்படி நடந்ததுதான். காலியிடம் இருந்தால் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. மாமாவும் பதிவு செய்து, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை தவறாமல் புதுப்பித்தார். ஒரு கார்டுகூட வரவில்லை. காகிதத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை போனது அப்போதுதான். அந்தப் பதிவும் இப்போது ஆன்லைனில்தான் என்று சொன்னேன். “பார்த்தியா, அதான் எவனுக்கும் வேலை வரல” என்றார்.

சொல்வதோடு விட்டால் பரவாயில்லை. கூடவே வருவார். அக்கா மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான் என்று தெரிந்ததும், டிவிஎஸ் எக்ஸெல்லில் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, அயனம்பாக்கம், அத்திப்பட்டு வழியாக எஸ்டேட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். பின்னாலேயே நானும் போனேன்.

கேட்டில் மாமாவைப் பார்க்க வேண்டும். எச்.ஆர். என்றொரு ஜாதி இருப்பதை அவர் ஒப்புக்கொள்வதே இல்லை. அவருக்குக் கம்பெனி என்றால் வாட்ச்மேன், வாட்ச்மேன் என்றால் அந்த நீளமான விசிட்டர் நோட்டு. நூலில் கட்டிய பேனாவை இழுத்து, எழுதாத பேனாவை உள்ளங்கையில் கிறுக்கிச் சரிசெய்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுத ஆரம்பிப்பார். பெயர் கட்டத்தில் இனிஷியலோடு தன் பெயர், பையன் பெயர் அல்ல. ‘எங்கிருந்து வருகிறார்’ கட்டத்தில் ‘வானகரம்’. அடைப்புக்குறிக்குள் ‘எக்ஸ் எஸ்டேட்’. ‘யாரைப் பார்க்க’ கட்டத்தில் எந்தக் கம்பெனியானாலும் ‘ஜி.எம்.’ நாலு பேர் வேலை செய்யும் பவுடர் கோட்டிங் ஷெட்டிலும் ஜி.எம்.தான். ‘வந்த காரணம்’ கட்டத்தில் ‘சொந்த விஷயம்’. வேலை கேட்டு வந்திருக்கிறோம் என்று எழுதினால் மதிப்புக் குறைவாம். வெளியே போகும் நேரத்தையும் அப்போதே எழுதிவிடுவார், ஒரு மணி நேரம் தள்ளி. ஜி.எம். சும்மா விடுவாரா, காபி கொடுக்காமல்?

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் செக்யூரிட்டி அசாமிலிருந்து வந்த இருபது வயதுப் பையன். அவனிடம் மாமா தன் இந்தியை எடுப்பார். “ஆப்... ஜி.எம்.... போலோ. லடுக்கா... டிப்ளமோ.” அவன் சிரித்துக்கொண்டே நல்ல தமிழில், “அதை ஸ்கேன் பண்ணுங்க சார்” என்று கேட்டில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடைக் காட்டுவான். மாமா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பயோடேட்டாவை அவன் கையில் திணித்து, “பத்திரம்பா” என்பார். அவனும் வாங்கி, டிபன் பாக்ஸுக்கு அடியில் பத்திரமாக வைப்பான்.

பட்டாபிராமில் 2024-இல் திறந்த 21 மாடி டைடல் பார்க்குக்கும் போய், “எந்த மாடியில வேலைக்கு எடுக்குறாங்க?” என்று கேட்டுவிட்டு வந்தவர் அவர்.

மனுஷனைக் கரித்துக்கொட்டவும் முடியவில்லை. பெட்ரோல் அவர் காசு, டீ அவர் காசு, வெயில் அவர் தலையில். அதைவிட, சில சமயம் அவர் சொன்னது பலித்தும் தொலைக்கிறது. எஸ்டேட்டின் உள்சந்துகளில் ஜாப் ஒர்க் செய்யும் சின்ன யூனிட்டுகளில், ‘ஆட்கள் தேவை: சிஎன்சி ஆபரேட்டர், ஹெல்பர்’ என்று பைண்டிங் கம்பியில் கட்டிய போர்டு இன்றும் தொங்குகிறது. அங்கே இணையமும் கிடையாது, எச்.ஆரும் கிடையாது. அப்படி ஒன்றின் வாசலில் நாங்கள் போய் நின்றபோது முதலாளியே எண்ணெய்க் கையோடு வெளியே வந்தார், அக்கா மகனிடம் ஒரு வெர்னியரையும் ஒரு ஷாஃப்டையும் கொடுத்து அளவு பார்க்கச் சொன்னார். பார்த்துச் சொன்னான். “நாளைக்கே வந்துடு” என்றார். மாமா என் பக்கம் திரும்பி மீசையைத் தடவினார்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். சம்பளம் எவ்வளவு என்று கேட்டதற்கு, “முதல்ல வேலையக் கத்துக்கட்டும், பார்த்துச் செய்யலாம்.” பி.எஃப். பற்றிக் கேட்டபோது மெஷின் சத்தத்தில் முதலாளிக்குக் காது கேட்கவில்லை.

என் எரிச்சல் இங்கேதான். அன்று கேட்டில் நின்ற மாமாவுக்குக் கிடைத்தது பெர்மனென்ட் வேலை, பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன் சாப்பாடு, தீபாவளி போனஸ். இன்று பெரிய கம்பெனி கேட்டில் நின்றால் கிடைப்பது கான்ட்ராக்டரின் போன் நம்பர். நேரில் போனால் வேலை கிடைக்கிறதா என்றால், கிடைக்கிறது. எந்த மாதிரி வேலை என்ற கேள்வியை மட்டும் மாமா காதில் போட்டுக்கொள்வதில்லை. “இந்தக் காலத்துப் பசங்களுக்கு வெயில்ல நிக்க உடம்பு வணங்கல” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார். ராத்திரி ஒரு மணிவரை விண்ணப்பம் போட்டு, ஒரு பதில்கூட வராமல் காலையில் எழுந்திருக்கும் பையன் இதைக் கேட்டுக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறான்.

மாமாவைத் திருத்த முடியாது, விட்டுவிடலாம். போர்டு தொங்கவிடும் முதலாளிமாருக்குத்தான் ஒரு வேண்டுகோள்: ‘ஆட்கள் தேவை’ என்பதற்குக் கீழே சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், பி.எஃப். உண்டா என்பதையும் அதே பெயின்ட்டில் எழுதிவிடுங்கள். மாமாவுக்கு பெட்ரோலாவது மிச்சமாகும்.