வெள்ளியங்கிரியில் ஒரு பனியன்
2000-ஆம் ஆண்டில் எவரெஸ்ட் உச்சியினின்று அடிவார முகாம் வரை பனிச்சறுக்குப் பலகையிலேயே வழுக்கி வந்த ஸ்லோவேனியர் டாவோ கர்னிச்சாரின் சாகசத்தைக் கேட்டு, அந்தப் பாக்கியம் நமக்கில்லையே என்று திருப்பூர்வாசிகள் விசனப்பட வேண்டியதில்லை. மாசி பங்குனியில், வனத்துறை வழிவிட்டதும், மூங்கில் தடியே துணையாகப் பூண்டியிலிருந்து வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் தன்னந்தனியாக, அதாவது பல்லாயிரம் பேருக்கு நடுவே தன்னந்தனியாக, ஏறப் புறப்படும் நம்மூர்ப் பனியன் கம்பெனி முதலாளி, வியர்வையைக் குடித்து எளிதில் உலராத பருத்தியை மலையேற்ற சாஸ்திரம் அறவே விலக்குகிறது என்பதை அறியாதவரல்லர். அந்நிய தேசத்தாருக்குப் பாலியெஸ்டர் ஆடைகளைப் பெட்டி பெட்டியாக அனுப்புகிறவரும் அவரே. ஆயினும் தமக்கென்று வரும்போது பருத்திப் பனியன்தான். அதுவும் ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட உருப்படி. ஏழாம் மலையின் காற்றில் பற்கள் தாளமிட, ஈசன் சந்நிதியில் அவர் விண்ணப்பித்துக்கொள்வது முக்தியுமன்று, கம்பளியுமன்று; நூல் விலை இறங்க வேண்டும் என்பதே.