துடைப்பமும் பட்டுக்குஞ்சமும்

பழைய ஜெர்மானிய ராணுவ அலங்காரக் குத்துவாள்களைச் சேகரிப்பது என் பொழுதுபோக்கு. எட்டு வருஷமாகச் சேகரிக்கிறேன். இதுவரை சேர்ந்தவை: குஞ்சம் மூன்று, இடுப்பில் மாட்டும் தொங்குபட்டை இரண்டு, உறை வளையம் ஒன்று. குத்துவாள் மட்டும் இன்னும் சேரவில்லை.

யானை வாங்கக் காசில்லை, அங்குசமாவது வாங்கி வைப்போம் என்று தொடங்கியது இது. இங்கே யானை வெறும் பேச்சுக்கு இல்லை. நான் ஆசைப்பட்டது ஜெர்மன் பேரரசர் கைசரின் காலத்துக் கடற்படை அதிகாரியின் குத்துவாள். அதன் கைப்பிடி தந்தம். விலையைக் கேட்டதும், யானையையே வாங்கிவிடலாம் போலிருந்தது. அதோடு, ஐரோப்பிய ஒன்றியத்தில் பழைய தந்தப் பொருளை விற்க, அது 1947க்கு முன் செய்தது என்று சான்றிதழ் வேறு காட்ட வேண்டும்.

நான் குடியிருப்பது டுசல்டோர்ஃபில். பக்கத்து ஊர் சோலிங்கன், கத்திக்கென்றே பிறந்த ஊர். வேறு ஊர்க் கத்தியில் அந்தப் பெயரைப் பொறிக்கக் கூடாது என்று 1938-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அலகில் இருக்கும் கம்பெனி முத்திரைகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஐக்ஹார்னுக்கு அணில். ஹோலருக்கு வெப்பமானி. ராபர்ட் கிளாஸுக்குக் கொக்கு ஜோடி. கத்தி அடிக்கிறவர்களுக்கு இவ்வளவு இளகிய மனசா!

இன்னொரு விஷயம், இந்தக் குத்துவாள்களைக் கூர் தீட்டித் தரமாட்டார்கள். கல்யாணத்துக்கு அங்கவஸ்திரம் மாதிரி, சீருடைக்கு இது.

கடற்படைக் குத்துவாள் பிடியின் உச்சிக் கொண்டையைப் பார்த்தாலே அப்போது நடந்த ஆட்சி தெரிந்துவிடும். 1918 வரை கிரீடம். கைசர் ஹாலந்துக்கு ஓடியதும் கிரீடமும் போயிற்று. குடியரசில் தீச்சுடர் சூடிய உருண்டை வந்தது. 1938-இல் ஸ்வஸ்திகாவைப் பிடித்திருக்கும் கழுகு. நம்மூரில் ஆட்சி மாறினால் பஸ்ஸுக்குப் பெயின்ட் மாறுகிறதல்லவா, அதே கதைதான்.

கழுகு வந்த இடத்தில் என் ஆசை நின்றுவிடும். தராசு முத்திரை போட்ட அல்கோசோ, கோப்பல் என்ற யூதக் குடும்பத்தின் கம்பெனி. அதை நாஜிகள் அவர்களிடமிருந்து பறித்தார்கள். அந்தக் குடும்பத்து அலெக்சாண்டர் கோப்பல் 1942-இல் தெரேசியன்ஸ்டாட் முகாமில் இறந்தார். அந்த ஆட்சியில் தராசு கத்தியில் மட்டும்தான் இருந்தது.

ஆகவே நான் குஞ்சத்தோடு நின்றேன். ஜெர்மனில் அதற்குப் பெயர் போர்ட்டெப்பே. பிரெஞ்சிலிருந்து வந்த சொல். இன்றைய ஜெர்மன் ராணுவத்திலும் மூத்த சார்ஜென்ட்களுக்குக் ‘குஞ்சம் உள்ளவர்கள்’ என்றுதான் வகைப்பெயர். வாள் போய்விட்டது, குஞ்சம் நிற்கிறது. கத்தி இல்லாமல் குஞ்சம் வைத்திருப்பது நான் ஒருவன் இல்லை என்பதில் எனக்கு ஒரு தெம்பு.

மூன்றாவது குஞ்சத்தைச் சந்தையில் வாங்கினேன். “தாத்தாவின் பெட்டியில் இருந்தது” என்றார் விற்றவர். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தாத்தா உண்டு, எல்லாத் தாத்தாவுக்கும் பெட்டி உண்டு. புற ஊதா விளக்கில் காட்டினால் புது நூல் பளிச்சென்று ஒளிரும், பழைய நூல் சும்மா கிடக்கும் என்று படித்திருந்தேன். குளியலறைக்குள் போய் லைட்டை அணைத்து, விளக்கை அடித்தேன். தீபாவளி மத்தாப்பு!

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கதவைத் திறந்தாள்.

“என்னடா, கரண்ட் போயிடுச்சா?”

“இல்லம்மா, குஞ்சம் பாக்கறேன்.”

“எதோட குஞ்சம்?”

“கத்தியோடது.”

“கத்தி எங்க?”

“இன்னும் வாங்கல.”

அம்மா கொஞ்ச நேரம் குஞ்சத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சம்னு கேள்விப்பட்டிருக்கேன். ஒங்கிட்ட துடைப்பக்கட்டையும் இல்லையேடா!”

அந்தக் குறையை மறுநாளே தீர்த்துவிட்டாள். ஊரிலிருந்து கொண்டுவந்த தென்னந்துடைப்பம் பால்கனியில் நின்றது, கழுத்தில் என் போலிக் குஞ்சத்தோடு. முடிச்சு ராணுவ முறைப்படி இல்லை. ஆனால் இன்றுவரை அவிழவில்லை.

இந்தச் சேகரிப்பில் இறங்க நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை: முதலில் விளக்கை வாங்குங்கள், அப்புறம் குஞ்சத்தை. துடைப்பம் எப்படியும் வீட்டில் இருக்கும்.