மூட்டை கட்டும் ராஜ்ஜியம்

"கல்லுக்குத் தனியா அம்பது வெள்ளி ஆவும்" என்றார் லோரிக்காரர்.

1996ஆம் ஆண்டு. கெடாவின் சுங்கைப்பட்டாணியில் நான் வேலை பார்த்த எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி, ஜொகூர் பாருவில் ஒரு கிளை திறந்து "போறீங்களா?" என்று கேட்டது. கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. சுமார் 700 கிலோமீட்டர். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுசாகத் திறந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கட்டில், அலமாரி, டிவி, சாமிப்படம் எல்லாம் ஏறிவிட்டன. வாசலில் மிச்சம் கிடந்தது அம்மாவின் ஆட்டுக்கல்.

"கிரைண்டர் இருக்குல்லம்மா?"

"கிரைண்டர் ஒன் கல்யாணத்துக்கு வந்தது. கல்லு எங்கம்மா கல்யாணத்துக்கு வந்தது. கல்லு வரலைன்னா நானும் வரலை."

அம்பது வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன்.

வந்திறங்கிய வாரம் பக்கத்து வீட்டுக்காரர் "சொந்த ஊரு எது தம்பி?" என்றார். சொன்னேன். "அடேயப்பா, அவ்வளவு தூரமா!" என்று உச்சுக் கொட்டினார். "நீங்கண்ணே?" "தைப்பிங்." எதிர்வீட்டு மலாய்க்காரரின் தாத்தா ஜாவாவிலிருந்து வந்தவர். மூலைக்கடைத் தவுக்கேயின் தாத்தா சுவாத்தோவிலிருந்து. அசல் ஜொகூர்க்காரர் ஒருவரையாவது பார்த்துவிட வேண்டும் என்று சரித்திரப் புத்தகத்தைப் புரட்டினேன். அதிலும் பக்கத்துக்குப் பக்கம் யாராவது ஒருத்தர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கம் வந்து, பார்த்து, வேண்டாமென்று திரும்பிப்போன முதல் தமிழர் நம் சோழ ராஜாதான். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கப்பல்படை அனுப்பிக் கடாரத்தை அடித்தது கல்வெட்டில் இருக்கிறது. அந்தக் கடாரம்தான் எங்கள் கெடா. ராஜா கொண்ட ஊரை நான் விட்டு வந்தேன் என்பது வேறு விஷயம். மலாய்க்காரர்களின் பழைய நூலான 'செஜாரா மெலாயு' இந்தச் சோழரை 'ராஜா சூலான்' ஆக்கி, கதையைக் கொஞ்சம் இழுத்து விடுகிறது. ராஜாவின் தாத்தா ஜொகூர் ஆற்றில் மேலேறி, கருங்கல் கோட்டை ஒன்றைப் பிடிக்கிறார்; ராஜா அடுத்தது சீனா என்று கிளம்பித் தெமாசேக்கில், அதாவது இன்றைய சிங்கப்பூரில், வந்து தங்குகிறார். சீனாவில் சேதி போய்ச் சேர்ந்ததும் அங்கே உட்கார்ந்து யோசிக்கிறார்கள். சண்டை போட்டால் செலவு. ஒரு பழைய கப்பலை எடுத்து, பல் போன கிழவர்களாகப் பார்த்து ஏற்றி, துருப்பிடித்த ஊசிகளைக் கொட்டி, காய்த்துத் தொங்கும் மரங்களையும் நட்டு அனுப்பி வைக்கிறார்கள்.

"சீனா இங்கேயிருந்து எவ்வளவு தூரம்?" என்று ராஜாவின் ஆட்கள் கேட்கிறார்கள். கிழவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். நாங்கள் கப்பல் ஏறும்போது பன்னிரண்டு வயசுப் பையன்கள்; இந்த மரமெல்லாம் அன்றைக்கு வெறும் விதை; இந்த ஊசி ஒவ்வொன்றும் கைப் பருமன் இரும்புக் கம்பி, துரு தின்று தின்று இப்படி ஆகிவிட்டது என்கிறார்கள். ராஜா கணக்குப் போட்டுப் பார்த்தார். நாம் போய்ச் சேர்வதற்குள் நம் பல் இருக்காது என்று படையைத் திருப்பிவிட்டார்.

சிரிக்க வேண்டாம். எனக்கும் இதே வித்தையைக் காட்டினார்கள். ஜொகூர் பாருவில் கொஞ்சநாள் இருந்துவிட்டு ஓடிவந்த ஒருவரை எங்கள் ஃபேக்டரி கேன்டீனில் காட்டினார்கள். தலையில் முடியே இல்லை. "போகும்போது நெறைய இருந்துச்சு" என்றார்.

அந்தச் சூலான் வம்சத்தில் வந்தவர்தான் சாங் நீல உத்தமர் என்று அதே நூல் உறவுமுறை சொல்கிறது. இவர் தெமாசேக்குக்குக் குடிவரும்போது கடலில் புயல். கப்பல் தாங்கவில்லை. சாமானை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டும் பாரம் குறையவில்லை. கடைசியில் தலையிலிருந்த கிரீடத்தையே கழற்றிக் கடலில் எறிந்தார், அலை அடங்கியது. இந்தக் கதையை அம்மாவிடம் சொல்லி, ஆட்டுக்கல்லோடு ஒப்பிட்டுப் பேசிப் பார்த்தேன். "கிரீடத்துல மாவாட்ட முடியுமா?" என்றார். ராஜதந்திரம் தெரியாத குடும்பம்.

வீடு பார்க்கும் படலத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது பரமேஸ்வரன் கதை. செஜாரா மெலாயு அவரை இஸ்கந்தர் ஷா என்கிறது. சிங்கப்பூரிலிருந்து அடித்து விரட்டப்பட்டு மூவாருக்கு, அதாவது இன்றைய ஜொகூர் மண்ணுக்கு, வந்தார். ஆற்றங்கரையில் நல்ல இடம். முதல் ராத்திரியே உடும்புகள் கூட்டம் கூட்டமாக வந்துவிட்டன. கொன்று ஆற்றில் போட்டார்கள். மறுநாள் ராத்திரி இன்னும் அதிகம் வந்தன. கொன்றது எல்லாம் அழுகி ஊரே நாறியதில், அந்த இடத்துக்கு 'பியாவாக் பூசுக்' என்று பெயராகிவிட்டது: நாற்ற உடும்பு. சரி என்று வேறு இடத்துக்கு மாறிக் கோட்டை கட்டினார். பகலில் கட்டியது ராத்திரியில் இற்றுப்போனது. அதற்குப் பெயர் 'கோத்தா பூருக்', மட்டமான கோட்டை. அங்கிருந்தும் நகர்ந்து நகர்ந்து போய்த்தான் மலாக்கா. பள்ளிக்கூடத்தில் மலாக்காவின் மகிமையை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். ஜொகூரில் வீடு அமையாமல் போனதால் வந்த மகிமை அது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

நூறு வருஷ மகிமைக்குப் பிறகு, 1511-இல் அல்புகர்க்கின் போர்ச்சுகீசியக் கப்பல்கள் வந்தன. சுல்தான் மஹ்மூத் ஷா மூவார், பகாங், பிந்தான் என்று ஓடினார். 1526-இல் பிந்தானிலும் வந்து கதவைத் தட்டினார்கள். சுமத்ராவின் கம்பாருக்குப் போய், 1528-இல் அங்கேயே கண்ணை மூடினார். ஒரு மகன் வடக்கே பேராக்கில் போய் சுல்தான் ஆனார். இன்னொரு மகன் அலாவுதீன் தெற்கே ஜொகூர் ஆற்றங்கரையில் புதுக் குடித்தனம் தொடங்கினார். அண்ணன் தம்பி ஆளுக்கு ஒரு மூலை. அதற்கப்புறம் நல்லது கெட்டதற்குத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

குடித்தனம் நிலைத்ததா? 1535-இல் எஸ்தெவாவ் ட காமா வந்து ஊரை அடித்தார். வாஸ்கோ ட காமாவின் பிள்ளை. அப்பா கோழிக்கோட்டுக்கு வழி கண்டுபிடித்தார். பிள்ளை நம் வீட்டுக்கே வழி கண்டுபிடித்துவிட்டார். அப்புறம் கொஞ்சம் தள்ளிப் போய் ஒரு கோட்டை. அதை 1564-இல் அச்சேக்காரர்கள் சூறையாடி சுல்தானையே தூக்கிப் போனார்கள். மறுபடி எழுப்பியதை 1587-இல் போர்ச்சுகீசியர் தரைமட்டமாக்கினார்கள். ஆற்றில் இன்னும் மேலே போய்ப் பத்து சாவார். அங்கே 1613-இல் அச்சே, 1673-இல் ஜாம்பி. அதற்குப் பிறகு ரியாவ் தீவு. 1587-இல் தரைமட்டமான அந்தக் கோட்டை இருந்த இடத்தை இன்று 'ஜொகூர் லாமா' என்கிறார்கள், பழைய ஜொகூர். காலி செய்த வீட்டுக்குத்தான் மனிதன் இவ்வளவு பாசமாகப் பெயர் வைப்பான்.

நடுவில் 1641-இல் டச்சுக்காரர்களோடு சேர்ந்து மலாக்காவைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பறித்தார்கள். சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தால் வீட்டுச்சாவி டச்சுக்காரர் இடுப்பில் தொங்குகிறது. 1699-இல் கோத்தா திங்கியில் ஒரு சுல்தான் தோளில் தூக்கிப் போகும்போதே குத்திக் கொல்லப்பட்டதும், அதற்கு மூலகாரணம் ஒரு பலாச்சுளை என்று ஊர் சொல்வதும் தனிக்கதை. அதில் சிரிக்க ஒன்றுமில்லை, தாண்டிப் போகிறேன்.

ஆங்கிலேயர் காலத்தில் நடந்ததுதான் விசேஷம். ஜொகூரை நடத்திய தெமெங்கோங் டாயெங் இப்ராஹிம் குடியிருந்தது ஜொகூரில் இல்லை. சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில். ஜொகூர்க் காட்டில் கட்டாப்பெர்ச்சா பால் எடுக்கச் சொல்லி, கடலுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து காசு பார்த்தார். 1855-இல் ஓர் ஒப்பந்தம். சுல்தான் அலிக்கு 'சுல்தான்' என்ற பட்டம், மூவார்ப் பக்கம் கொஞ்சம் நிலம், கையில் 5,000 வெள்ளி, மாசம் 500 வெள்ளி. மிச்ச ஜொகூர் முழுக்க தெமெங்கோங்குக்கு. பட்டத்தை ஒருத்தர் வைத்துக்கொண்டார், பட்டாவை இன்னொருத்தர் வாங்கிக்கொண்டார். அந்த வருஷமே நீரிணைக்கு இந்தப்பக்கம் தஞ்சோங் புத்திரியில் ஊர் கட்ட ஆரம்பித்தார்கள். 1866-இல் தெமெங்கோங்கின் மகன் அபு பாக்கார் அதற்கு ஜொகூர் பாரு என்று பெயர் வைத்தார், புது ஜொகூர். அரசர்கள் சிங்கப்பூரில் படுத்துக்கொண்டு ஜொகூரைக் கவனித்தார்கள். எங்கள் தாமான் பையன்கள் ஜொகூரில் படுத்துக்கொண்டு விடிகாலை நாலரைக்கு மோட்டாரை முறுக்கிச் சிங்கப்பூரைக் கவனிக்கப் போகிறார்கள். பாதை அதேதான். நெரிசல்தான் திசை மாறியிருக்கிறது.

அபு பாக்கார் வெளியூரில் புது வாழ்க்கை தொடங்குவதை ஒரு கலையாகவே செய்தார். லண்டனில் 'ஆல்பர்ட் பேக்கர்' என்ற பெயரில் உலாவினார் என்றும், கல்யாண ஆசை காட்டி ஏமாற்றினார் என்றும் மிஸ் மைகெல் என்ற ஆங்கிலப் பெண் வழக்குப் போட்டார். அயல்நாட்டு மன்னரை இங்கே கூண்டில் ஏற்ற முடியாது என்று கோர்ட் தள்ளிவிட்டது. சுதந்திர அரசர் என்பதற்கு ஆங்கிலேயரிடமிருந்து இவ்வளவு தெளிவான சான்றிதழ் வேறு யாருக்குக் கிடைத்தது? ஜொகூர் லக்சாவில் ஸ்பெகட்டி வந்ததற்கும் அவருடைய ஐரோப்பியப் பயணம்தான் காரணம் என்பார்கள். வடக்கே புளி மணக்கும் லக்சா தின்று வளர்ந்த நான், முதல் நாள் கிண்ணத்தில் ஸ்பெகட்டியைப் பார்த்துவிட்டுக் கடைக்கார அக்காவிடம் "ஆர்டர் மாறிடுச்சு" என்று திருப்பிக் கொடுத்தேன். கெடா மலாயில் சொன்னதால் அவருக்கு அதுவும் புரியவில்லை.

ஊர் இருந்தால் போதாது, ஆள் வேண்டுமே. சிங்கப்பூரில் கம்பீரும் மிளகும் போட்டு மண் செத்துப்போயிருந்த தியோச்சியூ சீனர்களுக்கு, ஆற்றுக்கு ஒரு கடுதாசி எழுதிக் கொடுத்தார்கள், 'சூராட் சுங்கை'. கடுதாசி வைத்திருப்பவர் காங்சு. அந்த ஆறும் அதன் கரையும் சூதாட்டமும் அபினும் அவர் பொறுப்பு. கம்பீர் இலையைக் காய்ச்ச விறகு, காய்ச்சிய சக்கை மிளகுக்கு உரம். பதினைந்து, இருபது வருஷத்தில் மண் கையை விரிக்கும். அடுத்த ஆற்றுக்கு நடை. இங்கே தோட்டமே மூட்டை கட்டும். 1917-இல் அந்த முறையை ஒழித்தார்கள். காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் என்று பெயர்கள் மட்டும் நின்றுவிட்டன.

அடுத்தது ரப்பர். அடுத்தது நாம். கங்காணி பேச்சை நம்பிக் கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கியவர்களுக்கு ஜொகூர் இன்னொரு நாள் பயணம். கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரைக்கும் 1909-இல் தண்டவாளம் வந்த பிறகு சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் உதிர்ந்தார்கள். லயத்தில் குடித்தனம், விடியுமுன் பெரட்டு, பால் வாளி. தண்டவாளத்து ஓரம் 1922-இல் குடிசையில் குடியேறிய ராஜகாளியம்மன் மட்டும்தான் எங்களில் நன்றாக முன்னேறியவள். இன்று உள்ளும் புறமும் கண்ணாடி பதித்த கோயிலில் இருக்கிறாள்.

இங்கே ஞாயிற்றுக்கிழமைகூட ஓரிடத்தில் இருக்காது. கெடாவில் எங்களுக்கு வெள்ளிதான் லீவு. நான் வந்தபோது ஜொகூரில் சனி, ஞாயிறு. அதுவும் 1994-இல்தான் மாற்றியிருந்தார்கள். பழகினேன். 2014-இல் வெள்ளி, சனி என்றார்கள். அதற்கும் பழகினேன். 2025 ஜனவரி முதல் மறுபடி சனி, ஞாயிறு. அம்மா காலண்டரைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

அந்த ஆட்டுக்கல். லோரியிலிருந்து நாலு பேர் பிடித்து இறக்கினோம். அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "குழவி எங்கடா?" என்றார். குழவி சுங்கைப்பட்டாணியில், கிணற்றடியில். 700 கிலோமீட்டர், அம்பது வெள்ளி தனி, குழவி இல்லை.

கிரீடத்தைப் பறிகொடுத்த ராஜாக்கள் யாரும் அம்மா அளவுக்குத் துக்கம் காத்திருக்க மாட்டார்கள். மூன்று மாசம் கழித்து உலு திராம் பக்கம் ஒரு தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். லயத்தைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு பாட்டி, நாலாம் மாடி ஃப்ளாட்டுக்குக் கல்லை ஏற்ற முடியாது என்று குழவியை மட்டும் எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். கெடாக் கல்லில் ஜொகூர்க் குழவி. குழிக்கும் குழவிக்கும் அளவு ஒத்துவரவில்லை. சுற்றுக்கு ஒரு தரம் 'டொக்' என்று தட்டும். மாவு இன்றுவரை நறநறதான்.

அம்மா குழவியைக் குறை சொல்ல மாட்டார். "இந்த ஊர்த் தண்ணி சரியில்ல."

"இந்தத் தண்ணியைத்தாம்மா 1962-லேர்ந்து ஆயிரம் கேலன் மூணு காசுன்னு சிங்கப்பூர்க்காரன் வாங்கிக் குடிக்கிறான்."

"அவன் குடிக்கத்தானே வாங்குறான். மாவா ஆட்டுறான்?"