மூன்று பாயசம், ஓர் இலை

கேள்வி: கல்லூரிப் பாடம் போதாதென்று ஆன்லைனில் மூன்று என்பிடெல் கோர்ஸில் சேர்ந்துவிட்டேன். வாரா வாரம் அசைன்மென்ட் குவிகிறது. தூக்கமே இல்லை. என்ன செய்ய?
- கல்லூரி மாணவி, பத்மநாபபுரம்

பதில்: உங்கள் பக்கத்துக் கல்யாணப் பந்தியில் அடைப் பிரதமன், சிறுபயற்றுப் பாயசம், பால்பாயசம் எல்லாம் உண்டு. ஆனால் ஒன்றை வழித்துச் சாப்பிட்ட பிறகுதான் அடுத்தது இலையில் விழும். பரிமாறுகிறவருக்குத் தெரிந்த இந்த நியாயம் நமக்குத் தெரிவதில்லை. பதிவு இலவசம் என்றதும் இலையை நீட்டிவிடுகிறோம். (நானும் ஒரு கோர்ஸில் சேர்ந்து நான்காம் வாரம் காணாமல் போனவன்தான்.)

கணக்குக்கு வருவோம். 12 வார கோர்ஸில் மதிப்பெண்ணுக்கு எடுப்பது நன்றாகச் செய்த 8 அசைன்மென்டை மட்டும். அதுவும் நூற்றுக்கு 25தான். மீதி 75 தேர்வு மையத்தில் எழுதும் பரீட்சைக்கு. ஆகவே, செமஸ்டர் நெருக்கடியில் ஓர் அசைன்மென்ட் தவறினால் குடி முழுகிவிடாது. வீடியோவை இரட்டை வேகத்தில் மட்டும் ஓட்டாதீர்கள். பேராசிரியர் வில்லுப்பாட்டுக்காரர் ஆகிவிடுவார், பாடம் ஏறாது.

கிரெடிட்டுக்குக் கல்லூரி கேட்கிற ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தேர்வுக் கட்டணம் கட்டாத மற்ற இரண்டையும் யாரும் வீடு தேடி வந்து கேட்கப்போவதில்லை. வாரத்தில் ஒரு நாள் லேப்டாப்பை மூடி வையுங்கள். உங்கள் ஊர் அரண்மனைக்கே திங்கட்கிழமை விடுமுறை.