மாமன் சீரும் மாரியோவும்

தாய்மாமனாக இருப்பதற்கு அறிவு தேவைப்படாத ஒரு காலம் இருந்தது. தொண்ணூறுகளைச் சொல்கிறேன். வீடியோ கேம் பைத்தியம் பிடித்த மருமகனுக்குத் தீபாவளிப் பரிசு வாங்க வேண்டுமா? போனஸ் பணத்தோடு பாரிமுனைக்கு பஸ் ஏறினால் போதும். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969இல் ஏற்பட்ட பர்மா பஜாரில், எந்தக் கடையில் நின்று "பையனுக்கு ஒரு டிவி கேம் குடுங்க" என்றாலும் ஒரே மாதிரிப் பெட்டிதான் வரும். சொன்ன விலையில் பாதிக்குக் கேட்பது, கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வது, நாலடி நடந்ததும் அவரே கூப்பிடுவது எல்லாம் முறைப்படி நடக்கும். என்ன மாடல், எந்த கேம் என்று வாங்குபவரும் கேட்க மாட்டார். விற்பவரும் சொல்ல மாட்டார்.

என் மாமா அப்படி வாங்கி மதுரைக்குக் கொண்டுவந்தது, ஜப்பானில் 1983இல் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். நகல் என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கூடவே வந்த மஞ்சள் கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று அச்சிட்டிருந்தது. மாமா பேங்கில் கேஷியர். மனக்கணக்காகவே சொன்னார்: "தினம் ஒண்ணு ஆடினாக்கூட இருபத்தேழு வருசம் வரும்டா." ஆடிப் பார்த்ததில் பத்துப் பதினைந்து விளையாட்டுகள் தேறின. மீதி எல்லாம் அவையேதான், பெயரை மாற்றிக்கொண்டு வரிசையில் மறுபடி வந்து நின்றன. இதை மாமாவிடம் யாரும் சொல்லவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காத தலைமுறை நாங்கள்.

அந்த மாட்டிடம் பார்க்கப் பல்லும் அதிகம் இல்லை. ஆன்டெனா துளையில் வயரைச் செருகி, டிவியின் சேனல் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால், புள்ளி மழைக்கு நடுவே மாரியோ தெரிவான். அடாப்டர் இஸ்திரிப் பெட்டிபோலச் சுடும். கேசட் ஓடாவிட்டால் எடுத்து வாயால் ஊதிச் செருகுவோம். அப்படி ஊதாதீர்கள் என்று நிண்டெண்டோவே சொல்லியிருந்தது. அந்தச் சேதி எங்கள் தெருவரை வரவில்லை. மாரியோவுக்கு மொத்தம் 32 கட்டங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி கிடையாது. இருபதாவது கட்டத்தில் கரண்ட் போனால் மறுபடி முதல் கட்டம். மின்வாரியத்தைத் திட்ட எங்களுக்கு வயது பத்தவில்லை. பெரியவர்கள் திட்டும்போது கூட நின்றோம்.

வாத்து சுடும் துப்பாக்கியும் ஒன்று வந்தது. விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். அந்த வெளிச்சம் துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் உணரியில் பட்டால் வாத்து செத்ததாகக் கணக்கு. பழைய குண்டு டிவியில் மட்டும் பலித்த வித்தை அது. இன்றைய தட்டை டிவியில் அந்த வாத்துகளுக்குச் சாவே இல்லை.

இப்போது நான் மாமன். அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு. தீபாவளிக்கு என்ன வாங்கலாம் என்று ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஏறினேன். "பையனுக்கு ஒரு கேம் குடுப்பா" என்றேன், மாமாவின் குரலிலேயே. கடைப் பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு விசாரணையை ஆரம்பித்தான். பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா, பிசியா? பிளேஸ்டேஷன் என்றால் நாலா, ஐந்தா? ஐந்து என்றால் டிஸ்க் போடுகிற மாடலா, போட முடியாத மாடலா? அக்கவுன்ட் எந்த நாட்டில்? பையனுக்கு என்ன வயது? இந்த கேம் ஏற்கெனவே அவனிடம் இருக்கிறதா? அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கேட்கவில்லை.

வெளியே வந்து மருமகனுக்கே போன் போட்டேன்.

"டிஸ்க் எதுவும் வாங்கிராதீங்க மாமா. நம்மளது டிஜிட்டல் எடிசன். டிஸ்க் போட எடமே கெடையாது."

"அப்ப எதைத்தான்டா வாங்குறது?"

"நீங்க ஏன் மாமா அலையுறீங்க? அமவுன்ட்ட மட்டும் போட்டு விடுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

மொய் எழுதுவதைத்தான் இவ்வளவு பணிவாகச் சொன்னான். அதிலும் விதிகள் உண்டு. கிஃப்ட் கார்டாகத் தந்தால், இந்திய பிளேஸ்டேஷன் கணக்குக்கு இந்திய கார்டுதான் செல்லும். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா பாசத்தோடு டாலர் கார்டு அனுப்பினால், அந்தப் பாசம் கடல் தாண்டி வந்து செல்லாக்காசாக நிற்கும்.

அமவுன்ட் எதற்கு என்று கேட்டேன். ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டில் அவனுடைய ஆளுக்கு ஒரு ஸ்கின், அதாவது உடுப்பு, வாங்க வேண்டுமாம். ஆட்டம் இலவசம், ஆடுகிறவனுக்கு உடுப்புதான் காசு. அந்த உடுப்பைப் போட்டால் ஓட்டம் கூடுமா, குண்டு படாதா என்றால் ஒன்றுமில்லை. பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவே. தீபாவளிக்குத் துணி எடுப்பதும் அதற்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அக்காவுக்குத்தான் கவலை: "அந்தச் சட்டைக்கு எங்கடா மஞ்சள் வைக்கிறது?"

சரி, காசாக வேண்டாம், உடுப்பாகவே நான் அனுப்புகிறேன் என்றேன். அதற்கும் வழி உண்டு. நான் ஒரு கணக்குத் தொடங்கி, அவன் நண்பர் பட்டியலில் சேர்ந்து, 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பரிசு தரும் யோக்கியதை வரும். என் மடியில் உட்கார வைத்துத்தான் அவனுக்குக் காது குத்தினார்கள். அந்த உறவு கணக்கில் வராதாம்.

இதையெல்லாம்கூடக் காலத்தின் கோலம் என்று விட்டுவிடலாம். விட முடியாதது ஒன்று இருக்கிறது. மாமா வாங்கித் தந்த மாரியோ வெறும் 40 கிலோபைட். இன்றைக்கு மாமன்கள் வாங்கித் தரும் கேம் 100 ஜிகாபைட்டைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. ஏறக்குறைய 25 லட்சம் மடங்கு. ஆனால் அந்த 40 கிலோபைட்டை நான் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்தேன், கான்ட்ரா கேசட்டுக்குக் கொஞ்ச நாள் மாற்றிக்கொண்டேன், கடைசியில் பாதி விலைக்கு விற்றேன். இந்த 100 ஜிகாபைட்டை மருமகன் யாருக்கும் கொடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. அவனுக்குக் கிடைப்பது ஆடுவதற்கான அனுமதி மட்டும். அதுவும் நிரந்தரமில்லை. யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற கார் பந்தய விளையாட்டின் சர்வரை 2024 மார்ச் கடைசியில் நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டே ஆட முடியாமல் நின்றார்கள். விற்கப்படுவது உரிமம்தான் என்பதை வாங்குகிறவருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா அதே ஆண்டு சட்டம் போட்டது.

மாமா தந்தது போலி. ஆனால் எனக்குச் சொந்தம். நான் தருவது அசல். ஆனால் அவனுக்குச் சொந்தமில்லை. முன்னேற்றம் என்பது இதுதான் போலிருக்கிறது.

கடைசியில் அமவுன்ட்டைப் போட்டேன். அது என் திருப்திக்குப் போதாததால், பெட்டியில் அடைத்து ரிப்பன் கட்டக்கூடிய ஒரே சாமானையும் வாங்கினேன்: இரண்டாவது கன்ட்ரோலர். பர்மா பஜார் பெட்டியில் அது கேட்காமலே வந்தது. இப்போது தனி விலை. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்த 2021இலேயே ரூ.5,990. கொடுத்ததும் மருமகன், "எதுக்கு மாமா? பிரெண்ட்ஸ்லாம் அவங்கவங்க வீட்லயே இருந்து ஆடுவாங்களே" என்றான். 'இட் டேக்ஸ் டூ' என்று ஒரு கேம் உண்டு. இரண்டு பேர் இல்லாமல் அதை ஆட முடியாது. அதைப் போடச் சொன்னேன். என்னால்தான் ஒவ்வொரு தடவையும் பள்ளத்தில் விழுந்தோம். அவன் பொறுமையாகத்தான் இருந்தான்; அக்காவுக்குத்தான் சிரித்து மாளவில்லை.

பரிசு வாங்கக் கிளம்பும் மாமன்மாரே, அத்தைமாரே! முதலில் வீட்டில் இருப்பது எந்த மெஷின் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிஸ்க் போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையின் மேல் 18 என்று போட்டிருந்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம். கார்டு என்றால் கணக்கு இருக்கும் நாட்டின் கார்டாக இருக்கட்டும். இவ்வளவும் செய்து முடித்துப் பணம் மிஞ்சினால் இன்னொரு கன்ட்ரோலர் வாங்குங்கள். வாங்கிக் கொடுத்துவிட்டு உடனே பஸ் ஏறிவிடாதீர்கள். ஒரு ஆட்டமாவது உட்கார்ந்து தோற்றுவிட்டு வாருங்கள்.