மை டை: மூலபாடமும் ஓர் அன்னாசி இடைச்செருகலும்

ஐந்தே சரக்கு கொண்ட ஒரு பானத்தின் செய்முறையைப் பனுவலாக எடுத்துக்கொண்டு, அதன் ஆசிரியர், காலம், மூலபாடம், பாடவேறுபாடு, இடைச்செருகல் ஆகியவற்றை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். பனுவலின் பெயர் மை டை. மூங்கில் தட்டி, ஓலைக்கூரை, உருட்டி விழிக்கும் மரச்சிலை சகிதம் அமெரிக்காவில் கிளம்பிய ‘டிக்கி’ மதுக்கூட மரபின் தலைமைப் படைப்பு அது. ஆய்வு எல்லை ஒரு கோப்பை. இரண்டாம் கோப்பைக்குப் பிறகு எடுத்த குறிப்புகள் சான்றாகக் கொள்ளப்படவில்லை.

முதலில் ஆசிரியர் வரலாறு. விக்டர் ஜூல்ஸ் பெர்ஜெரான் 1902இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். சிறுவயதிலேயே காசநோய் அவருடைய ஒரு காலைக் கொண்டுபோயிற்று. கட்டைக்காலோடு வளர்ந்தவர், 1934இல் ஓக்லண்டில் ‘ஹிங்கி டிங்க்ஸ்’ என்ற கடையைத் திறந்தார். சில ஆண்டுகளில் அது ‘டிரேடர் விக்ஸ்’ ஆயிற்று. அவரும் டிரேடர் விக் ஆனார். கால் என்னவாயிற்று என்று கேட்டவர்களிடம் சுறா கடித்துவிட்டது என்பார். ஆகவே ஆசிரியர் கூற்றை அப்படியே சான்றாக ஏற்கலாகாது என்பது இவ்வாய்வு தொடக்கத்திலேயே கற்ற பாடம்.

காலம் 1944. ஜமைக்காவின் ஜே. வ்ரே அண்ட் நெஃப்யூ நிறுவனம் வடித்து, 17 ஆண்டுகள் முதிர்ந்த ரம் ஒரு புட்டி விக்கின் கையில் இருந்தது. அதன் சுவையை அமுக்கிவிடாமல் தூக்கிக் காட்டும்படி ஒரு கலவை செய்து, தாஹிட்டியிலிருந்து வந்திருந்த கில்ட் தம்பதியிடம் நீட்டினார். திருமதி கில்ட் ஒரு வாய் குடித்துவிட்டு, பிரமாதம் என்று தாஹிட்டி மொழியில் சொன்னார். அதுவே பெயராக நிலைத்தது. இதைச் சொன்னவரும் விக்தான். சுறாவைச் சொன்ன அதே வாய்.

அற்றேல், டான் பீச் 1933லேயே இதைச் செய்தார் என்பாரும் உளரே எனின், கூறுதும். ஹாலிவுட்டில் ‘டான் த பீச்காம்பர்’ என்ற கடை நடத்தி டிக்கி மரபைத் தோற்றுவித்தவர் டான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் எழுதிவைத்த செய்முறைகள் எல்லாம் குழூஉக்குறி. வேலைக்காரர்கள் போட்டிக் கடைக்குப் போய் விற்றுவிடுவார்கள் என்று புட்டிகளில் பெயர் ஒட்டாமல் எண்ணும் குறியும் ஒட்டிவைத்தார். கலக்குகிறவருக்கே தாம் எதைக் கலக்குகிறோம் என்று தெரியாது. அவருடைய ‘ஸாம்பி’ பானத்தில் வரும் ‘டான் கலவை’ என்பது கிரேப்ஃப்ரூட் சாறும் பட்டைப் பாகும் சேர்ந்தது என்பதை ஜெஃப் பெர்ரி என்ற ஆய்வாளர் பழைய பணியாளர்களைத் தேடிப் பிடித்து, குறிப்பேடுகளைப் புரட்டி, இந்த நூற்றாண்டில்தான் உறுதி செய்தார்.

டான் தரப்பு காட்டும் மை டையில் கிரேப்ஃப்ரூட் சாறு, ஃபலெர்னம் என்னும் நறுமணப் பாகு, கசப்புத் துளிகள், பெர்னோ என்னும் சோம்பு மது எல்லாம் இருக்கின்றன. விக்கின் செய்முறையில் வரும் வாதுமைப் பாகு மட்டும் இல்லை. பெயர் ஒன்றாயினும் பனுவல் வேறு. எனவே அக்கூற்று தள்ளப்படுகிறது. விக் இவ்வளவு பொறுமை காட்டவில்லை. 1972இல் வெளியிட்ட தம் நூலில், இதைத் தாம் உருவாக்கவில்லை என்று சொல்பவர்களை ஏக வசனத்தில் ஏசியிருக்கிறார்.

இனி மூலபாடம். ரம் 60 மில்லி. ஒரு எலுமிச்சையின் சாறு. ஆரஞ்சுத் தோலின் மணமேறிய கியூரசோ மது 15 மில்லி. ஓர்ஷா என்னும் வாதுமைப் பாகு 15 மில்லி. கற்கண்டுப் பாகு 7.5 மில்லி. கற்கண்டுப் பாகு என்றால் ஒரு பங்கு நீருக்கு இரண்டு பங்கு சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய கெட்டிப் பாகு. ஓர்ஷாவுக்கு வாதுமையைத் தோலுரித்து, அரைத்து, துணியில் பிழிந்து பாலெடுத்து, சர்க்கரையும் ஆரஞ்சுப்பூ நீரும் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் பொடித்த பனிக்கட்டியோடு ஷேக்கரில் போட்டு, அதன் வெளிப்புறம் வெண்மை பூக்கும்வரை குலுக்கி, பனிக்கட்டியோடு சேர்த்தே தம்ளரில் கவிழ்ப்பது முறை. பிழிந்த எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து மேலே மிதக்கவிட்டு, புதினாக் கொத்தை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டி அதன் பக்கத்தில் செருக வேண்டும். மூடி தீவு, புதினா தென்னை. உரையாசிரியர்கள் இதைக் குறிப்புப் பொருள் என்பர்.

பாடவேறுபாடு தொடங்கியது ரம்மில். பானம் பிரபலமாக ஆக, 17 ஆண்டுச் சரக்கு தீர்ந்துபோயிற்று. விக் 15 ஆண்டு ரம்முக்கு இறங்கினார். அதற்கும் தட்டுப்பாடு வரவே, ஜமைக்கா ரம்மோடு மார்ட்டினீக் ரம்மைக் கலந்து பழைய சுவையை எட்டிப் பிடிக்க முயன்றார். ஆசிரியரே செய்த திருத்தமாதலால் இது குற்றமாகாது. ஜமைக்காவின் ஆப்பிள்டன் எஸ்டேட் 2023இல் அந்த 17 ஆண்டு ரம்மை மறுபடி உருவாக்கி 1,500 புட்டிகள் மட்டும் வெளியிட்டது. மூலச் சுவடி கிடைத்தது. விலைதான் பதிப்பாசிரியருக்குக் கட்டுப்படியாகவில்லை.

குற்றம் ஹவாயில் நிகழ்ந்தது. 1953இல் விக் இப்பானத்தை ஹோனலூலுவின் ராயல் ஹவாயன் ஓட்டலுக்குக் கொண்டுபோனார். அங்கேதான் அதற்குள் அன்னாசிச் சாறு நுழைந்தது. துணைக்கு ஆரஞ்சுச் சாறும் வந்தது. நுழைத்த கை எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு; நோக்கத்தில் இல்லை. ஜேம்ஸ் டோல் 1922இல் லானாய் தீவையே விலைக்கு வாங்கி அன்னாசி பயிரிட்ட நாடு அது. சுற்றுலா வந்தவர் அன்னாசியை எதிர்பார்த்தார்; கிடைத்தது. கம்பனுக்குள் வெள்ளி பாடல்கள் புகுந்ததைப் போலவே, இடைச்செருகல் மூலத்தைவிட இனிப்பாக இருந்ததால் ஊரெல்லாம் அதையே மூலம் என்று நம்பிற்று.

தீவு மணத்துக்காகச் சேர்த்தோம் என்ற வாதமும் நிற்காது. அன்னாசியின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. ரம் கரீபியக் கடலிலிருந்தும் ஓர்ஷா பிரான்சிலிருந்தும் வந்தவை. கலக்கிய இடம் கலிஃபோர்னியா. பசிபிக் தீவுகள் இதற்குக் கொடுத்தது பெயரை மட்டுமே.

ஆகவே இவ்வாய்வின் முடிபு: மை டையின் ஆசிரியர் விக், காலம் 1944, அன்னாசி இடைச்செருகல். அதை விரும்பிக் குடிப்போர் வேறு பெயர் வைத்துக் குடிக்கலாம்.

மேலாய்வுக்கு உரியது தம்ளரில் செருகும் காகிதக் குடை. உடன் செருகும் ஆர்க்கிட் பூவுக்காவது காரணம் தெரியும்: முன்பு செருகிய கரும்புத் துண்டுகளைக் குடிப்போர் சப்பிவிட்டு சாம்பல் கிண்ணத்தில் போட்டதில் பிசுபிசுப்பு தாங்காமல், ஹவாயில் ஹாரி யீ என்ற மதுக்கூடக்காரர் 1950களில் பூவுக்கு மாறினார். குடையை அவர் பேரில் எழுதுவாரும் உண்டு, டான் பேரில் எழுதுவாரும் உண்டு. முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடுவோர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நெறியாளரிடம் மட்டும் மாலை ஆறு மணிக்கு மேல் கேட்கவும்.