மாப்ளே, கெணத்தை மூடப் போறியாமே!

வா மாப்ளே, உக்காரு. கெணத்தை மூடப் போறியாமே! ராணிப்பேட்டை சிப்காட் பக்கத்துல நெலம் வெச்சிருக்கிறவன் வேற என்னதான் பண்ணுவான்? ரெண்டு டிராக்டர் இடிச்ச செங்கல்லு, ஒரு டிராக்டர் குப்பை, மேலே ஒரு கடப்பாக்கல்லு. சாயங்காலத்துக்குள்ள வேலை முடிஞ்சிடும், மறுநாளே மனை போட்டு வித்துடலாம். வாங்கினவன் போர் போட்டா மஞ்சளா தண்ணி வரும். ஆத்தா கோவில் மஞ்சத்தண்ணின்னு தலையில தெளிச்சுக்கட்டுமே, உனக்கென்ன வந்துச்சு?

பூட்டி 25 வருஷத்துக்கு மேல ஆன குரோமேட் ஆலைதான் இன்னும் ஊரை விடமாட்டேங்குது. அது கொட்டிட்டுப் போன குரோமியக் கழிவு மட்டும் ஒரு லட்சம் டன்னுக்கு மேல. மழை பெய்யப் பெய்ய கரைஞ்சு மண்ணுக்குள்ள எறங்குது. பாறைக்கடியில இருக்கிற ஊத்துக்குப் போக அதுக்கு வழி வேணும். நீ செங்கல்லும் குப்பையும் கொட்டி, சந்து சந்தா வழி விட்டுக் குடுக்கறே. மேலே வெக்கிற கடப்பாக்கல்லைப் பார்த்து அது திரும்பிப் போயிடும்னு நெனைக்கிறியா? அது வர்றது பக்கவாட்டுல மாப்ளே!

பிளீச்சிங் பவுடர் போடலாம்னு உன் மச்சான் சொன்னானாமே. கிருமி சாகும், குரோமியம் எங்க சாகும்? காய்ச்சினாலும் தண்ணிதான் ஆவியாப் போகும், அது சட்டியிலயே நிக்கும். குடிக்கிற தண்ணியில லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க. உன் மச்சான் அதை நாக்குலயே அளந்துடுவான்.

சரி, மூடறதுன்னே முடிவு பண்ணிட்டா முதல்ல மாசு கட்டுப்பாட்டு வாரியத்துல போய்க் கேளு. தண்ணி எப்படிக் கெடுதுன்னு பார்க்க அவங்களுக்கு உன் கெணறே தேவைப்படலாம். வேணாம்னு சொன்னா மோட்டாரையும் பைப்பையும் வெளிய எடு. தூர் வாரறேன்னு எவனையும் உள்ள எறக்காதே. பாழுங்கெணத்துல காத்து கெட்டிருக்கும், எறங்கினவன் கூப்பிடக்கூட மாட்டான். எறைக்கிற தண்ணியை ஏரிக்கால்வாய்ல விட்டுட்டு, பொதுச்சேவைன்னு போஸ்டர் ஒட்டாதே.

உங்கப்பன் தண்ணி வத்தினப்போ கெணத்துக்குள்ளேயே ஒரு போர் போட்டாரு, அது பத்தாதுன்னு சைடு போரும் போட்டாரு. ஞாபகம் இருக்கா? அதையெல்லாம் விட்டுட்டு வாயை மட்டும் மூடறது, சொத்தையை நோண்டாம தங்கப்பல் கட்டிக்கிற கதை. முதல்ல போரை அடைக்கணும். சிமெண்டுப் பாலோ, எர்த் குழிக்குப் போடற பெண்டோனைட் களிமண்ணோ எடுத்துக்க. தண்ணி பட்டா அந்தக் களிமண் உப்பி இடுக்கை அடைச்சிடும். ஆனா மேல நின்னு பக்கெட்டுல ஊத்தாதே, பாதியில தேங்கி அடியில வெத்திடம் நிக்கும். குழாயை அடிவரைக்கும் விட்டு, கீழேயிருந்து நெரப்பிக்கிட்டே குழாயைத் தூக்கணும். கேசிங் பைப்பு வந்தா உருவிடு, வரலைன்னா அங்கங்க துளை போட வெச்சு, பைப்புக்கு வெளியே இருக்கிற சந்துக்கும் பால் போற மாதிரி பாரு. அப்புறமா பெரிய கெணத்தை நீர் எறங்காத சரக்கால நெரப்பி, தலையில கான்கிரீட் போடு.

செலவு யார் குடுப்பான்னு முழிக்காதே. 1996-லேயே நம்ம பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைக் கேஸுல, கெடுத்தவன்தான் காசு குடுக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. கெடுத்தவன் வீட்டு விலாசம் தெரிஞ்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு, நானும் கூட வர்றேன்.

சர்வே நம்பர், ஆழம், என்னத்தைப் போட்டு எந்தத் தேதியில மூடினேன்னு எழுதி பத்திரத்தோட வெச்சுடு. சினிமாவுல வடிவேலு கெணத்தைக் காணோம்னு ஸ்டேஷனுக்குப் போனாரே, அந்தக் கெணறு காகிதத்துல மட்டும் இருந்துச்சு. உன்னுது தரைக்கடியில மட்டும் இருக்கும். நீ இப்படியே மூடிட்டுப் போனா, மனை வாங்கினவன் பேரன் அஸ்திவாரம் தோண்டறப்போ, "ஐயா, ஒரு கெணறு கெடைச்சிருக்கு, யாருதுன்னு பாருங்க"ன்னு அதே ஸ்டேஷனுக்குத்தான் போவான்.